பழுதில்லாத பெட்டி

மார்ச் 4

அன்புள்ள சில்வண்டுக்கு,

பெட்டி வராமலேயே எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னித்துக்கொள். நம் வழக்கம் இதுவல்ல என்று எனக்கும் தெரியும். டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டி பழுதானால் நீ அதைப் பழைய துண்டில் சுற்றி, கூடவே ஒரு கடிதம் வைத்து அனுப்புவாய். நான் சரிசெய்து, என் கடிதத்தை வைத்துத் திருப்பி அனுப்புவேன். கல்லூரி விடுதி அறையைக் காலி செய்ததிலிருந்து நமக்குள் இப்படித்தான். போனில் எனக்கு "ம்", "சரி" தவிர வேறெதுவும் வராது என்பதால் நீதான் இதைத் தொடங்கிவைத்தாய். "வாயத்தான் தொறக்க மாட்ட, பேனாவையாவது தொறடி கோட்டான்" என்றாய்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு பெட்டி வரவே இல்லை. காரணம் நான்தான். படம் அலையடிக்கிறது என்று அனுப்பியிருந்தாய். உள்ளே போர்டில் ஒரே ஒரு கண்டென்சர் உப்பியிருந்தது. அதை மட்டும் மாற்றியிருந்தால் போதும். திறந்தது திறந்தோம் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். கேம் கேசட் செருகும் இடத்தில் வளைந்திருந்த பின்களை ஊசிமுனையால் நிமிர்த்தினேன். இரண்டு கன்ட்ரோலர்களிலும் பட்டன்களுக்கு அடியில் புது ரப்பர் வைத்தேன். காது மெஷின் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது பெரிய வேலையில்லை. எங்கள் மேஜையில் இதைவிடப் பொடிச் சாமான்களுக்கெல்லாம் ஈயப்பற்று வைக்கிறோம். மூடித் திருகும்போது ஒரே பெருமை. இனி நாலைந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தேன். நாலைந்து வருஷத்துக்கு உன் கடிதமும் வராது என்பது அப்போது உறைக்கவில்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. நேற்று ஒரு பெரியவர் மனைவியோடு வந்திருந்தார். மெஷினைத் துடைத்து, குழாய் மாற்றி, காதில் வைத்துவிட்டேன். "ஆகா, நல்லா கேக்குதும்மா!" என்றார். அந்த அம்மா என் பக்கம் குனிந்து, "இனிமே நான் பாத்துப் பேசணும்" என்றார். அதுவும் பெரியவருக்கு நன்றாகவே கேட்டது.

உண்மையிலேயே ஒரு பட்டன்கூட சிக்கிக்கொள்ளவில்லையா? அப்படியானால் சந்தோஷம்தான். இருந்தாலும் ஒரு வரி எழுது. நீ எழுதாமல் விட்டுவிடுவாயோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
கோட்டான்


மார்ச் 15

அடி கோட்டான்,

மன்னிப்பாம் மன்னிப்பு! நேரில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். தபால்காரர் வெறும் உறையை நீட்டியதும் உனக்கு என்னவோ ஏதோ என்று நின்ற இடத்திலேயே கிழித்துப் படித்தேன்.

பெட்டி குண்டுக்கல்லாக இருக்கிறது. நீ செய்த வேலை அப்படி. எனக்கும் உன் கவலைதான் என்று வைத்துக்கொள்ளேன். "கேசட்ல ஊதாதடி, ஈரம் பட்டா பச்சை பிடிச்சிடும்" என்று விடுதியில் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாயே? அது ஞாபகம் வந்து, பச்சை பிடித்து அப்படியாவது பழுதாகட்டும் என்று என் மகளிடம் எல்லாக் கேசட்டையும் கொடுத்து ஊதச் சொன்னேன். குட்டிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். செருகியதும் பளிச்சென்று ஓடுகிறது.

அதில் நானா விளையாடுகிறேன்? என் மாமியார் கைக்குப் போய்விட்டது. முட்டி வலிக்கு டாக்டர் நடக்கக் கூடாது என்றாரா, உட்கார்ந்த இடத்தில் கார் ஓட்டுகிறார். அடுப்பில் பால் பொங்கினாலும், "இந்த வளைவு தாண்டிட்டு வரேன்." இவர் போய், "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். "ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதடா!" திட்டு வாங்கிக்கொண்டு வந்து என்னை முறைக்கிறார். என்னமோ நான்தான் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த மாதிரி.

ஒரு விஷயம். இவர் புது டிவி வாங்கப் போகிறார். பழைய குண்டு டிவியைக் கடைக்காரர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். புது டிவியில் நம் பெட்டியின் மஞ்சள் வயரைச் செருக ஓட்டையே இல்லை. "பெட்டிய உன் சிநேகிதிக்கே அனுப்பிடு. அவங்கதான் அத நல்லா வெச்சுப்பாங்க" என்கிறார். நியாயமாகத்தான் சொல்கிறார். ஆனால் அது அங்கேயே தங்கிவிட்டால் நமக்கு நடுவில் எது போய் எது வரும்? என்னைப் பற்றி உனக்குத் தெரியும். எதிரில் ஆள் இருந்தால் கொட்டித் தீர்ப்பேன். பெட்டியும் இல்லாமல் உட்கார்ந்து பேனா பிடிப்பேனா என்று எனக்கே நம்பிக்கையில்லை. மறைக்காமல் சொல்கிறேன்.

என்ன செய்யலாம், சொல்லு.

உன்,
சில்வண்டு


மார்ச் 22

அன்புள்ள சில்வண்டுக்கு,

பெட்டியை அனுப்பாதே. தயவுசெய்து அனுப்பாதே. உன்னிடம் நான் எதையும் இப்படிக் கறாராகச் சொன்னதில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இத்துடன் தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் இருக்கிறது. மஞ்சள் வயரை ஒரு பக்கம் செருகு, மறுபக்கத்திலிருந்து வரும் தட்டை வயரைப் புது டிவியின் பின்னால் செருகு. படம் வரும். கடைவீதியில் எலக்ட்ரிக் கடைக்காரரிடம் இதைக் கேட்டு வாங்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. கடையில் கூட்டமாக இருந்தது. கூட்டம் குறையட்டும் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் அவரே, "என்னம்மா, கடைக்குக் காவலா?" என்று கூப்பிட்டார்.

ஒரே ஒரு குறை. இதன் வழியாகப் போகும் படம் துளி தாமதமாகத் தெரியலாம். கண்ணுக்குப் புரிகிற அளவில் இருக்காது என்று நினைக்கிறேன். மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

குட்டியை ஊதச் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு லேசாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

அன்புடன்,
கோட்டான்


ஏப்ரல் 9

கோட்டான்,

கேள் கூத்தை. புது டிவி வந்தது. கொண்டுவந்த ஆட்கள் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழையதைத் தூக்குவதற்கு முன்னால், நீ அனுப்பிய சாமானைச் செருகிப் பார்த்துவிடலாம் என்றேன். படம் சுவர் முழுக்க ஜம்மென்று வந்தது. அத்தை உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே மரத்தில் மோதினார். மறுபடியும் மரம். அப்புறம் வேலி, அப்புறம் இன்னொரு மரம்.

இவர் மெதுவாக, "கண்ணு டெஸ்ட் பண்ணி நாளாச்சுல்லம்மா?" என்றார்.

அத்தைக்கு வந்ததே கோபம்! "என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நான் திருப்புறேன், வண்டி யோசிச்சிட்டுல்ல திரும்புது! உன் டிவியத்தான் டெஸ்ட் பண்ணணும்."

தாமதம் கண்ணுக்குப் புரியாது என்று எழுதினாயே, அத்தையிடம் சொல்லிப் பார்! எழுந்து போய்ப் பழைய டிவி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "தம்பிகளா, நீங்க கெளம்புங்க. இது எங்கயும் வராது." அந்தப் பையன்கள் இவரைப் பார்க்க, இவர் என்னைப் பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன். இப்போது குண்டு டிவி அத்தை அறையில், கட்டிலுக்கு எதிரே. பெட்டியும் அங்கேதான். கூடத்தில் நாங்கள் சுவரில் செய்தி பார்க்கிறோம். உள்ளே ஒரே என்ஜின் சத்தம்.

ஆகப் பெட்டி தப்பித்தது. அத்தை நேற்று, "இத இவ்ளோ பதமா வெச்சிருக்கிற பொண்ணு கை நல்லா இருக்கணும்" என்றார். அதை உன்னிடம் சேர்த்துவிட்டேன். உன் தீப்பெட்டியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், அங்கே யாருக்காவது உதவும். இனி உனக்கு நாங்கள் வேலை எதுவும் வைக்கப்போவதில்லை, நிம்மதியாக இரு.

வேறென்ன எழுதுவது? பார், இதுதான் எனக்கு வராது என்றேன்.

உன்,
சில்வண்டு


ஏப்ரல் 17

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை மதியம் சாப்பிடும்போது பிரித்தேன். "வண்டி யோசிச்சிட்டுல்ல திரும்புது" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரிசப்ஷன் அக்கா ஓடிவந்து, "நீ சிரிச்சியா? நீயா?" என்று கேட்டார். அவர் இந்த சென்டரில் சேர்ந்த பிறகு நான் சிரித்துப் பார்த்ததில்லையாம். அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். நானே சொன்னேன், நம்பு. மாமியார் பேசியதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். அவர் குரலை நான் கேட்டதே இல்லை என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது.

உன் மாமியாருக்கு என் நன்றியைச் சொல். கருவியைச் சரிபார்க்கும் என் வேலையில் எத்தனையோ மீட்டர்கள் இருக்கின்றன. அவர் விரலுக்குத் தெரிந்த தாமதம் எனக்குத் தெரியாமல் போனது. அவர் அறையில் வெயில் நேராகப் பெட்டி மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள். மற்றபடி அதற்கு ஒன்றும் வராது.

அதற்கு ஒன்றும் வராது என்பதைத்தான் இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ பெட்டியை அனுப்பும்போதெல்லாம் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் யார் அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் வேலையாகத்தான் போவோம். அப்பா சுண்ணாம்பு அடிக்கப் போவார். அம்மா துணி தேய்த்துக் கொடுக்கப் போவார். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு வீட்டுக்குப் போய், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் பேசிவிட்டு வருவது எப்படி என்று எனக்கு யாரும் காட்டவில்லை, அவர்களுக்கும் தெரியாது. கல்லூரியில் என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார்கள், இது பாடத்தில் இல்லை. பழுதான சாமான் ஒன்று கையில் இருந்தால்தான் உன்னிடம் வருவதற்கு எனக்கு ஒரு காரணம் இருப்பதாக இத்தனை நாள் நினைத்துவிட்டேன்.

உனக்கு எழுத வராது என்றாய். எதிரில் ஆள் இருந்தால் கொட்டித் தீர்ப்பேன் என்றும் சொன்னாய். அந்த இரண்டாவது வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குட்டிக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
கோட்டான்

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகுதான் தைரியம் வருகிறது. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவர மாட்டேன். பெட்டியைத் திறந்து பார் என்று அத்தை சொன்னாலும் திறக்க மாட்டேன். ஒரு வேலையும் இல்லாமல், சும்மா, உன் வீட்டுக்கு வரட்டுமா?