இரட்டைத் தம்பியின் மீசை

கடிதம் எண் 61
கவுலூன், 3 செப்டம்பர் 1988, சனிக்கிழமை, பகல் 12.10

அன்புள்ள பிக்-வானுக்கு,

நான் நலம். வான்கூவரில் நீ நலமா? கண்புரை மேலும் மறைக்காமல் இருக்கிறதா?

அக்டோபர் 20-ஆம் தேதி உன் அறுவைச் சிகிச்சையின்போது உடனிருக்க வேண்டும் என்பதற்காகவே, தொலைக்காட்சித் தொடரில் என் பாத்திரத்தைச் சாகடிக்கும்படி நானே கேட்டுக்கொண்டேன். வியாழனன்று அது நிறைவேறியது. சவப்பெட்டியில் படுத்ததற்கு வழக்கமான சிவப்பு உறையைக் கொடுத்தார்கள். அபசகுனம் கழிய, அதிலிருந்த பணத்தை அன்றே செலவழித்துவிட்டேன், கவலைப்படாதே.

நான் பெட்டியிலிருந்து எழுவதற்குள் தயாரிப்பாளர் மோக் அம்மையார் ஓடிவந்தார்.

“ஹங் அண்ணே, என்னமா செத்தீங்க! லைட்மேன்கூட அழுதுட்டான். மலாயாவுலேருந்து உங்க இரட்டைத் தம்பி வர்றதா வெச்சுக்கலாமா? டிசம்பர் வரைக்கும்தான். ஒரு மீசை ஒட்டினாப் போதும்.”

மறுத்திருக்க வேண்டும். “மீசை எவ்வளவு அகலம்?” என்று கேட்டேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்த நொடியில் உன் கண்கள் என் நினைவுக்கு வரவில்லை என்பதை எழுதவே கை கூசுகிறது. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை.

ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எழுது. நான் சமைப்பது எப்போதும் இருவருக்கு ஆகிவிடுகிறது.

தபால் நிலையம் ஒரு மணிக்கு மூடிவிடும்; முடிக்கிறேன்.

உன் கணவன்,
கான் சியூ-ஹங்

இணைப்புகள்:
1. உலர்ந்த ஆரஞ்சுத் தோல், ஒரு பொட்டலம்.
2. மீசை ஒட்டிப் பார்த்தபோது எடுத்த புகைப்படம்.
3. என் விமானச் சீட்டு. பயணத் தேதியை நிரப்பாமல் வாங்கியிருக்கிறேன். அதை நீயே எழுதித் திருப்பி அனுப்பு, அன்றே புறப்படுவேன்.