மெர்வுக்கு மிஞ்சிய சொல்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மெர்வுக்கு முகம் மழித்துவிட்டேன். தாடைக்குக் கீழே ஒரு கீறல் விழுந்துவிட்டது.

"வலிக்குதா?"

"அப்சல்யூட்லி."

"வலிக்கலையா?"

"அப்சல்யூட்லி."

பஞ்சால் ஒற்றிவிட்டு ஓட்ஸ் கஞ்சி வைக்கப் போனேன்.

மார்ச் 6, வியாழன்

பேச்சுப் பயிற்சி தர பர்னி டவுனிலிருந்து ப்ரியோனி வந்தாள். பக்கவாதம் வந்தபோது மற்ற சொற்களெல்லாம் போய் 'அப்சல்யூட்லி' மட்டும் ஏன் தங்கியது என்று அவளுக்கும் தெரியவில்லை. "சில பேருக்குக் கெட்ட வார்த்தைதான் மிஞ்சும், நோலீன். சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. உங்க வீட்டுக்காரருக்கு நல்ல வார்த்தையா வாச்சிருக்கு." சிரித்தேன். அவள் கார் கிளம்பிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

நாம் கேட்பது அவனுக்குப் புரிகிறதாம். பதில்தான் வெளியே வருகிற வழியில் அந்த ஒரே சொல்லாகிவிடுகிறது. வாயால் பதில் கேட்காதீர்கள், இரண்டு பொருளைக் காட்டிக் கையை நீட்டச் சொல்லுங்கள் என்றாள். டீயா காபியா என்பதற்கு அது சரிப்படுகிறது.

முழுக்க முழுக்க ஆமாம், சந்தேகமே இல்லை — இந்தச் சொல்லா இவனுக்கு? படகு கொள்ளாமல் சிங்கி இறால் ஏறிய நாளிலும் "மோசமில்ல" என்றவன். கல்யாணத்துக்குச் சரி சொல்லட்டுமா என்று நான் கேட்டபோது, "சொன்னா தப்பில்ல" என்றவன்.

மார்ச் 9, ஞாயிறு

மெர்வுடைய தம்பி இயன் அவனை மதுக்கடைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "இத்தனை வருஷத்துல இப்பதான் உன் புருஷனுக்கு ஊர்ல மவுசு, நோல்! டிவில மேட்ச் பாத்துக்கிட்டு, அம்பயருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு ஒருத்தன் கேட்டான். இவன் சொன்ன பதில்ல கடையே குலுங்கிருச்சு!"

இயன் சொல்லிச் சிரிக்கச் சிரிக்க, மெர்வ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

இரவு வறுத்த மீன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறவனோடு எதைப் பேசுவது? எதிர் நாற்காலி காலியாக இருந்தால்கூட — வேண்டாம், எழுதக் கூடாது.

மார்ச் 15, சனி

பெர்த்திலிருந்து மகள் ஜனீன் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். "அப்பா, நீயும் அம்மாவும் இங்கயே வந்துருங்களேன். எங்களோட இருக்கலாம். வரியாப்பா?"

"அப்சல்யூட்லி!"

மகள் அழுதேவிட்டாள். "கேட்டியாம்மா? டோட்டலி உறுதியா சொல்றாரு!" பின்னறையைக் காலி செய்யப் போகிறாளாம்.

நான் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? எனக்குப் போக வேண்டும், அதனால்தான். இதோ எழுதிவிட்டேன். இந்த ஸ்டான்லி அவன் ஊர். அவன் கடல், அவன் தம்பி, அவன் படகு. காற்று அடிக்க ஆரம்பித்தால் என் வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஆள் கிடையாது. அவன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

மார்ச் 16

அது பதிலே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

ஜனீனுக்கு எல்லாமே டோட்டலி. அறை டோட்டலி தயார். அவள் கணவனுக்கு இதில் கம்ப்ளீட்லி சந்தோஷம். அப்போது மருத்துவமனையில் டாக்டர்கூட, பேச்சு அட்டர்லி, அடியோடு, போய்விட்டது என்று ஏதோ அளந்து பார்த்தவர் மாதிரிதான் சொன்னார்.

"நீ எப்படிம்மா இருக்க?"

"கம்ப்ளீட்லி நல்லா இருக்கேன்டி" என்றேன். போனை வைத்துவிட்டுத் துணி துவைக்கும் அறையில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பாதி உண்மைக்கு முழுச் சொல்லை மாட்டிவிடுகிறோம், எல்லோரும். மெர்வுக்காவது நோய். எனக்கு என்ன கேடு?

மார்ச் 25, செவ்வாய்

இயன் வந்தான். உட்காரவில்லை. "பெர்த்துக்குப் போறீங்களாமே. அவன்கிட்ட கேட்டியா?"

"ஜனீன் கேட்டா. வரேன்னான்."

"நிலாவுக்கு வரியான்னு கேட்டாலும் அதைத்தானே சொல்லுவான், நோல்."

போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

மார்ச் 28, வெள்ளி

இன்று கேட்டுவிட்டேன். மேசைமேல் இரண்டு படங்கள். ஒன்றில் நம் படகுத்துறை, இன்னொன்றில் ஜனீனின் வீடு. "வாயால வேண்டாம் மெர்வ். எங்க இருக்கணும்னு கையால காட்டு." என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். இரண்டையும் தொடவில்லை. மேசைக்கு மேலே எட்டி, விரலை என் கழுத்துக்குக் கீழே, காறையெலும்பில் வைத்தான்.

"என்ன, என்னையா கேக்குற?"

"அப்—" என்று வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். விரலை எடுக்கவில்லை.

என்னை யாரும் கேட்கவே இல்லையே. மகள் கேட்கவில்லை, இயன் கேட்கவில்லை. பேச முடியாதவன் கேட்கிறான்.

"எனக்குப் போகணும் மெர்வ். இங்க ரொம்பத் தனியா இருக்கு. உனக்கு இப்படி ஆனதால இல்ல. அதுக்கு முன்னாடியே... ரொம்ப முன்னாடியே."

விரலை எடுத்துக்கொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டீ வேண்டுமா என்றதற்குக்கூட அந்தச் சொல் வரவில்லை.

மார்ச் 29

இன்றும் இல்லை. கோபமா? அழுகையா? முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறான்.

ஜனீனைக் கூப்பிட்டேன். "அப்பா சம்மதிக்கலடி. அன்னிக்கு வந்தது வெறும் சத்தம். வரணும்னு ஆசைப்பட்டது நான். அறையை அப்படியே விட்டுரு."

"நீ இதுவரைக்கும் எதுக்குமே ஆசைப்பட்டதா சொன்னதில்லையேம்மா" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

மதியம் இயன் வந்தபோது மெர்வ் எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு கதவுப் பக்கம் போனான். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொக்கியில் தொங்கிய தன் கடல் மழைச்சட்டையை, விளங்குகிற இடது கையால் கழற்ற ஆரம்பித்தான். உதவப் போனேன். தோளால் தள்ளிவிட்டான். ஒருவழியாகக் கழற்றித் தம்பியிடம் நீட்டினான்.

இயன் வாங்கவில்லை. "எனக்கா? அப்ப நீ எதைப் போட்டுக்குவ?"

மெர்வ் சட்டையை உதறிக் காட்டினான். பிடி என்கிற மாதிரி.

"டேய்... நிஜமாவே போறியா?"

நானும் இயனும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மெர்வ் என்னைப் பார்த்தான். பிறகு தம்பியைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஒரு தடவை, மெதுவாக, ஆட்டினான்.

இயன் சட்டையைப் போட்டுப் பார்த்தான். சட்டைக் கை குட்டை. "உன் அளவுல எவனாவது தைப்பானா, குள்ளா?" என்று சொல்லி அந்தக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டான். மெர்வ் சிரித்தான்.

இயன் போனதும் ஜனீனுக்குச் சொன்னேன். அறையில் தனித்தனிக் கட்டில் போடட்டுமா, பெரிய கட்டிலாக ஒன்று போடட்டுமா என்று கேட்டாள். அப்பா ராத்திரியில் புரண்டு புரண்டு படுப்பாரே, உனக்குத் தூக்கம் கெடாதா என்றாள்.

கெடும், ஒன்றே போடு என்றேன்.