இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

செப்டம்பர் 9, திங்கள்

தண்ணீர் பம்பு மறுபடியும் மக்கர். பாதி நாள் அதோடு போயிற்று. மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனேன். நோரீன் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே டெல்மர் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கீமோ ஏற்றியதிலிருந்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சாம். போட்டுவிடலாமென்று கையை நீட்டினேன்.

"கிட்ட வந்த, கடிச்சு வச்சிருவேன் மச்சான்."

அவன் என் தங்கை புருஷன் ஆவதற்கு முன்னாலேயே மர அறுவை மில்லில் எனக்குக் கூட்டாளி. அதனால் மரியாதை கிரியாதை எதுவும் எங்களுக்குள் கிடையாது.

அக்டோபர் 19 அன்று மான் சீசன் ஆரம்பம், குழல் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கிற துப்பாக்கிக்கு மட்டும் ஒரு வாரம். இந்தத் தடவை நான் வரலை, நீ போய்ட்டு வா என்றான் டெல்மர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சீசன் விட்டதில்லை அவன்.

வாசல் வரைக்கும் நோரீன் கூடவே வந்தாள். "அடுத்த அக்டோபர்னு ஒண்ணு அவருக்கு இல்லைண்ணே. டாக்டர் சொல்லிட்டாரு."

செப்டம்பர் 10

தூக்கமில்லை. டெல்மருடைய துப்பாக்கியைப் பற்றியே நினைப்பு. அவனால் ஏன் சுட முடியாது? ஒன்று, வெடிமருந்தைப் பற்றவைக்க அதில் மாட்டுகிற கேப்பு மிளகு அளவுதான் இருக்கும். மரத்த விரலுக்கு அது அகப்படாது. இரண்டு, வலது காரையெலும்புக்குக் கீழே, ஊசி ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் ஒரு டப்பி வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி அங்கே உதைத்தால் தொலைந்தான். இவ்வளவுதானே? இரண்டையும் மாற்ற முடியாதா என்ன?

செப்டம்பர் 11

போய்க் கேட்டேன். புதுத் துப்பாக்கி வேண்டாமாம். வாங்க எங்கள் இருவரிடமும் வக்கும் இல்லை. "ஆனா இதையே நீ சரி பண்ணித் தந்தா வர்றேன். ஒரே ஒரு வெடி, மச்சான். அதுக்கப்புறம் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழலின் பின்மூடியைக் கழற்றிவிட்டு வேறு மாதிரி மூடி போட்டால் கேப்புக்குப் பதிலாகத் தோட்டாவைப் பற்றவைக்கிற பிரைமர் வைக்கலாம். பட்டாணி அளவு இருக்கும், அவனால் எடுக்க முடியும். நெருப்பும் அதிகம், ஈரத்தில் சொதப்பாது. முப்பத்தெட்டு டாலர். தபாலில் வரச் சொல்லியாயிற்று. தோளில் பதிகிற கட்டையை நானே இடது தோளுக்கு மாற்ற வேண்டியதுதான்.

செப்டம்பர் 20

பழைய மூடி அசைய மாட்டேன் என்கிறது. நாலு நாள் எண்ணெயில் ஊறவைத்தேன். சூடு காட்டினேன். ஸ்பானர் நழுவி முட்டியைப் பேர்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

செப்டம்பர் 21

கழன்று வந்துவிட்டது சனியன்! தனியாக நின்று கத்தினேன். தபாலில் வந்த புது மூடி கச்சிதமாகப் பொருந்தியது.

செப்டம்பர் 28

கட்டை வேலை. டெல்மர் இளைத்துப் பாதியாகிவிட்டான், கனமான கோட்டு வேறு போடுவான். அதனால் அடிப்பக்கம் ஒன்றரை அங்குலம் அறுக்க வேண்டும். ரம்பத்தை வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா நின்றேன். அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது. அவன் பழையபடி தேறி எழுந்தால் இந்தக் கட்டை அவனுக்குக் குட்டையாகிவிடும். தேறி எழுந்தால்.

அறுத்தேன்.

இடது பக்கத்துக் கன்ன மேட்டைச் சீவி எடுத்து, வலது பக்கம் மேடு கட்டினேன். உள்ளே பழைய பூட்சின் கம்பளி, மேலே ஜூடித் விட்டுப்போன கைப்பையின் தோல். என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருஷம் கழித்து அவளால் ஓர் உபகாரம். அடியில் சந்தையில் கிடைத்த தடிமனான ரப்பர். பார்க்கக் கண்ணராவியாக இருக்கிறது. தோளில் வைத்தால் பாந்தமாக உட்காருகிறது.

அக்டோபர் 5, சனி

துப்பாக்கி கிளப் மைதானத்தில் பன்னிரண்டு தடவை சுட்டேன். பன்னிரண்டும் முதல் தட்டிலேயே வெடித்தன. கிளப் கூட்டாளி ஓட்டிஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் "அட! அட!" என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

டெல்மர் காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நீயும் ஒன்று சுட்டுப் பாரேன் என்றேன். "ஒரு வெடிதான் இந்த உடம்பு தாங்கும். அதை அட்டையில விடச் சொல்றியா?"

"உதைக்கவே இல்லை மாப்ளே, சத்தியமா."

"உன் உடம்புக்குப் பீரங்கியே உதைக்காது."

உள்ளே காபி குடிக்கும்போது, டெல்மர் வழக்கம்போல, சுவரில் தொங்குகிற கக்கூஸ் பலகையை, அதாவது பழைய கக்கூஸின் உட்காரும் பலகையை, காட்டி ஆரம்பித்துவிட்டான். வெடிமருந்தைப் போட மறந்து வெறும் குண்டை மட்டும் கெட்டிக்கிற முட்டாள்களின் பெயர் அதில் ஏறும், தேதியோடு. வெண்டல் என்று என் பெயரே மூன்று இடத்தில் இருக்கிறது. டெல்மர் பெயர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. "இங்க இருக்குற எல்லாப் பயலுக்கும் மூளை இருக்கு. எனக்கு மட்டும்தான் அது வேலை செய்யுது" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

அக்டோபர் 12

டெல்மர் நாயைக் கூப்பிட்டான். வாய் தவறி, செத்துப்போன பழைய நாயின் பெயரைச் சொல்லிவிட்டான். யாருக்குத்தான் வாய் தவறாது? ஆனால் அவன் முகம் வெளுத்துப்போயிற்று. போன வாரம் அடுப்பையும் அணைக்காமல் விட்டானாம்.

நோரீன் நகர்ந்ததும் கேட்டான். "மூளைக்கும் போயிருச்சோ மச்சான்?"

"வாயை மூடு."

நெற்றியைத் தட்டிக் காட்டினான். "கை போகட்டும், கால் போகட்டும். இது போறதுக்கு முன்னாடி நான் போயிரணும்." அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை. நாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 19, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதியாக வேண்டும்.

விடியும்போது வண்டியை ஓடைக்கு மேலே நிறுத்தினோம். பின்கதவை இறக்கியதும் டெல்மர் என்னைத் தள்ளினான். "நகரு. என் துப்பாக்கியை நான் கெட்டிக்கிறேன்." ஒரு தடவைக்கான சாமான் முழுக்க ஒரே பிளாஸ்டிக் குழாயில் இருக்கும், ஒரு முனையில் அளந்த வெடிமருந்து, மறு முனையில் குண்டு. அவன் கை நடுங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் நடுங்கும். திரும்பிக்கொண்டு காபி ஊற்றினேன். கம்பியால் குத்துகிற சத்தம் கேட்டது. "ஆச்சு" என்றான்.

மரத்தடியில் இரண்டு மணி நேரம். உப்புக்கண்டத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம். மில்லில் முதலாளியின் தொப்பி ரம்பத்தில் போன கதையைக் கிசுகிசுத்தான், நூறாவது தடவையாக.

ஒன்பது மணி சுமாருக்குப் பெண் மான் ஒன்று தண்ணீருக்கு இறங்கியது. நாற்பது கஜம். பக்கவாட்டில் நின்றது. டெல்மர் இடது தோளில் வைத்தான், கன்னம் மேட்டில் அழகாகப் படிந்தது. பிரைமரை முன்பே தன் கையாலேயே வைத்திருந்தான். விசையை இழுத்தான்.

டப். அவ்வளவுதான். வெறும் பிரைமர்.

தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும், ஒரு நிமிஷம் துப்பாக்கியை நீட்டியே வைத்திருக்க வேண்டும். நான் மனதுக்குள் எண்ணினேன். மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நம்பவே முடியவில்லை, மறுபடியும் குனிந்து குடித்தது. அறுபது. புதுப் பிரைமர். டப். மான் போய்விட்டது.

குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தேன், மருந்தும் குண்டும் இருந்தால் நிற்கிற குறியளவில்தான் நின்றது. அப்படியானால் மருந்து உள்ளே இருக்கிறது, நெருப்புதான் சேரவில்லை. என் வேலைதான் குறை. டெல்மருக்கு இருமல் வந்து நிற்கவில்லை. பாதித் தூரம் தூக்கிக்கொண்டுதான் வந்தேன், எடையே இல்லை. வண்டியில் ஏற்றும்போது, "முப்பத்தெட்டு டாலர் மச்சான்" என்று சிரித்தான். சிரிக்கிறான்! நான் வீட்டுக்கு வந்து சுவரை உதைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலேயே பின்மூடியைத் திறந்தேன். நமத்துப்போன மருந்து இருக்குமென்று நினைத்தேன். ஒன்றுமில்லை. ஒரு துளிகூட இல்லை. பிரைமர் கரி மட்டும். பின்னாலிருந்து விரலை விட்டால் குண்டு எட்டவில்லை. பிரைமர் வெடித்த வேகத்தில் அது தானாக நாலு விரற்கடை முன்னால் நகர்ந்திருக்கிறது. கம்பி குறியில் நின்றது அதனால்தான்.

மருந்தே போடவில்லை அவன்.

நான் வாங்கிப் போட்ட பாகத்தில் குறை இல்லை. கட்டையில் குறை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? நேராகப் போய், மாப்ளே, மறந்தது நீதான் என்று சொல்வதா? நாயின் பெயர் மாறியதற்கே அப்படி வெளுத்துப்போனானே — அடப் பாவி, நான் ஏன்டா திரும்பி நின்னு காபி ஊத்தினேன்? ஒரு கண்ணை அங்க வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

குண்டைத் துடைத்து ஜாடியில் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 23

டெல்மருக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. படுத்த படுக்கை. இனி இந்த வாரம் காடு இல்லை. இனி எந்த வாரமும் இல்லை.

"பிரிச்சுப் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன். மூடியைச் சரியா இறுக்கலை, மருந்து நமத்துப் போச்சு. என் தப்பு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "மலிவா வாங்கினா அப்படித்தான்" என்றான். நான் தலையாட்டினேன்.

அக்டோபர் 24

நோரீன் சமையலறையில் பிடித்துக்கொண்டாள். "நாப்பது கஜம்ணே! அவரு கேட்டது ஒரே ஒரு வெடி. காசு மிச்சம் பிடிக்கிற இடமா அது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கம்மலை வித்தாவது தந்திருப்பேனே."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது. என் தப்புதான் என்றேன்.

"நீ கொஞ்ச நாள் வராதே" என்றாள்.

நவம்பர் 2

கிளப்பில் ஓட்டிஸ் என்னைப் பார்த்ததும், "வாடா, மலிவு மன்னா" என்றான். சிரித்து வைத்தேன். காபியை முடிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 10

நோரீன் கடைக்குப் போன நேரம் பார்த்துத் திருடன் மாதிரி போனேன். டெல்மருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வேலை செஞ்சிருந்தே மச்சான்" என்றான். எதைச் சொல்கிறான் என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டான்.

நவம்பர் 16

டெல்மர் காலையில் போய்விட்டான்.

நவம்பர் 20

அடக்கம். நோரீன் முன்வரிசையில் ஓட்டிஸை உட்காரவைத்தாள். எனக்கு நாலாவது வரிசை. பெட்டியைத் தூக்க ஆறு பேர், அதில் நான் இல்லை.

வலிக்குது மாப்ளே. சொல்லாம இருந்தது உனக்காகத்தான், சரி. ஆனா வலிக்குது.

டிசம்பர் 25

டப்பாச் சூப். பம்பு ஓடுகிறது.

ஜனவரி 11, சனி

மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். நோரீன். என்னோடு பேசி இரண்டரை மாதம். கையில் டெல்மரின் வேட்டைக் கோட்டு. உள்ளே வா என்றேன். வராமல் வாசலிலேயே நின்றாள்.

"இதைத் துவைக்காதே, நான் போனப்புறம் வெண்டல்கிட்ட குடுத்துருன்னு சொல்லியிருந்தாரு. உன் மேல இருந்த கோவத்துல நான்தான் தரலை. நேத்து யாருக்காவது தானமா குடுத்துரலாம்னு எடுத்து, பையில கையை விட்டேன்."

அப்புறம் உள்ளே வந்து மேஜை மேல் ஒன்றை வைத்தாள். அந்தப் பிளாஸ்டிக் குழாய். குண்டு முனை காலி. மருந்து முனை நிறைந்திருந்தது. குழாயைச் சுற்றி ஆஸ்பத்திரி பிளாஸ்திரி, அதில் பேனாவால், கோணல்மாணலாக:

டெல்மர், அக்டோபர் 19. பாகம் நல்ல பாகம்.

அந்தப் பேனாவைப் பிடிக்க அவன் என்ன பாடு பட்டிருப்பான். கக்கூஸ் பலகையில் ஒட்டத்தான் எழுதியிருக்கிறான். அன்றைக்கே, வீட்டுக்குப் போய்ப் பையைத் தடவியதுமே தெரிந்திருக்கிறது அவனுக்கு. என் தப்பு என்று நான் சொன்னபோது தெரிந்துதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் அதைக் கெடுக்காமல் விட்டிருக்கிறான்.

"உனக்குத் தெரியுமாண்ணே?"

"மறுநாளே தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லலை? நான் உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்! பெட்டியைக்கூடத் தொட விடலையே..." அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன.

ஜனவரி 18, சனி

கிளப்புக்கு இருவரும் போனோம். பிளாஸ்திரியை என் மூன்று பெயருக்குக் கீழே ஒட்டினேன். ஓட்டிஸ் கிட்டே வந்து படித்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

குழாயில் இருந்த மருந்தை நோரீன்தான் துப்பாக்கிக்குள் கொட்டினாள். ஜாடியில் வைத்திருந்த அதே குண்டை மேலே வைத்துக் கம்பியால் இறக்கினாள். பிரைமரை நான் எடுத்துக் கொடுத்தேன். கட்டை இடது தோளுக்குச் செய்தது, அவளுக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் இடது தோளில்தான் வைப்பேன் என்றாள்.

முதல் தட்டிலேயே வெடித்தது. புகை கலைய நேரமாயிற்று.

அவள் துப்பாக்கியை இறக்காமல் அப்படியே நின்றாள். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"உதைக்கவே இல்லைண்ணே" என்றாள்.