எட்டு வயதுக் கவுன்

என் அன்பானவளுக்கு,

உன் இடுப்பு வலி குறைந்ததா? அம்மா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் தையல் ஆலையில் போன வாரம் ஒரு கூத்து. பாப்பாவின் மூன்று வயதுக் கவுன் அளவைக் கட்டத்தாளில் வரைந்தேன். நான் இங்கே கிளம்பி வந்த அப்போது அவள் உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர். வருடத்துக்கு எட்டு வளர்ந்தாள். அதன் பிறகு ஓடிய ஐந்து வருடத்துக்கு நாற்பது கூட்டி, நூற்று முப்பது என்று வைத்து, எல்லாப் புள்ளிகளையும் அதே விகிதத்தில் பெருக்கித் தைத்துவிட்டேன்.

கட்டிங் மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், புள்ளைங்க என்ன பலூனா, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதுறதுக்கு? கை கால்தான் அதிகமா நீளும். இந்தக் கழுத்துல ரெண்டு தலை போகும்! எட்டு சென்டிமீட்டர்ங்கிறது அந்த வயசோட வேகம்யா. வேகமும் மாறிக்கிட்டே இருக்கும்ல?"

நானும் சிரித்தேன். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டேன். அந்த வேகம் மாறியதில் ஒரு நாளைக்கூட நான் பார்க்கவில்லையே.

போனில் அவள் முகம் மட்டும்தான் தெரிகிறது. தோள், கை, இடுப்பு எல்லாம் அளந்து அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது. பக்கத்தில் நின்றால் உனக்கு எதுவரை வருகிறாள் என்றும் எழுது.

பாப்பாவின் அப்பா