மூன்றரை மணிக் காளான் காபி

அன்புள்ள பெரிய மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறபடி இருக்கிறோம், பெரிய குறை ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. என் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு, பேனா பிடிக்க வரவில்லை, அவ்வளவுதான். அதைப் பிறகு சொல்கிறேன். போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ எப்படிப்பா இருக்கீங்க என்கிறாய், நான் நல்லா இருக்கேன்மா என்கிறேன், நீ சரிப்பா என்கிறாய், நான் சரிம்மா என்கிறேன், அதற்குள் உனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நிற்கிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. மேல்மாடியில் இருந்த குழல் ஊதுகிறவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். அவர் ஊதுகிற நேரமெல்லாம் நான் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தது உனக்கு நினைவிருக்கும். இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் ஆனால் காது தானாக மேலே போகிறது, போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வருகிறது. உன் கட்டிலில் தைத்து முடித்த துணிகளை மடித்து வைக்கிறேன், இடம் இல்லாமல் இல்லை, கட்டில் வெறுமனே கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை. நீ விட்டுப்போன சிவப்புக் குடை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. சின்னவள் தினமும் என்னோடு தையல் கடைக்கு வருகிறாள். திரைச்சீலைக்குக் கொக்கி வைக்கிற வேலை அவளுடையது. விரல் வேகத்தில் என்னையே மிஞ்சிவிடுவாள், ஆனால் வாடிக்கையாளர் யாராவது கதவைத் திறந்தால் தொங்குகிற துணிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். இந்த வரியை எழுதாமல் விடப் பார்த்தாள், விடாதே, எழுது என்று சொல்லி எழுத வைத்தேன். ஒரே வீடு, ஒரே கடை, போகிற வழியும் ஒன்று, இருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவள் பேச மாட்டாள், எனக்குப் பேச வராது. நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் நீ, உனக்கு முன்னால் உன் அம்மா. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது, நீ போய் இரண்டு.

இப்போது காபி விஷயத்துக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் நீ அனுப்பிய முதல் பார்சலைப் பிரித்தபோது உள்ளே நாலு பாக்கெட், எல்லாவற்றிலும் காளான் படம். உன்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் சொன்னதாகச் சொன்னாய், மருந்துக் காளானைக் காயவைத்துப் பொடித்துக் காபியில் கலந்தது, ஞாபகசக்தி வரும், தூக்கம் வரும், உடம்பில் நோய் அண்டாது, மனசு லேசாகும் என்று. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. நீ அடுத்து ஒன்று சொன்னாய், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் காலையில ஆறு மணிக்கு இதைக் குடிச்சுட்டுதான்பா கிளம்புவேன், அப்போ அங்கே சாயங்காலம் நாலரை, நீங்களும் அந்த நேரத்துக்குக் குடிங்க, ரெண்டு பேரும் சேர்ந்து குடிக்கிற மாதிரி இருக்கும் என்றாய். அன்றிலிருந்து பழைய பொத்தான் டப்பாவில் பொடியைப் போட்டுக் கடைக்கு எடுத்துப்போக ஆரம்பித்தேன். நாலரை அடித்தால் மிஷினை நிறுத்திவிடுவேன். வெந்நீர்ப் பாத்திரத்தின் சுவிட்சைத் தட்டிவிட்டு, ஒரு கரண்டி போட்டு, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து குடிப்பேன். கடையில் துணி வெட்டுகிறவனை, நாம் அங்குலம் என்று கூப்பிடுகிறவனை உனக்குத் தெரியும், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே தூங்குகிற ஆள். மழைக்கு முளைக்கிறதையெல்லாம் கரைச்சுக் குடிக்கிற நிலைமைக்கு வந்துட்டியேய்யா என்று தினமும் கேலி. நேத்துப் பெய்ஞ்ச மழையில முளைச்சது நீ, உனக்கு என்ன தெரியும் என்று நானும் விடமாட்டேன். உண்மையைச் சொன்னால் அது மண்ணை வறுத்த மாதிரி ஒரு ருசி. முழங்கால் வலி இருந்தபடிதான் இருந்தது, தூக்கமும் பழைய தூக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் மனசு லேசானது பொய் இல்லை. அப்புறம் கோடை தொடங்கும்போது உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். நீ சொல்ல மறந்துவிட்டாய், எனக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. மூன்று வாரம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் நான் நாலரைக்குக் கோப்பையைத் தூக்கும்போது நீ பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய், நான் தனியாகக் குடித்திருக்கிறேன். அன்றிலிருந்து மூன்றரைக்கு மாற்றிக்கொண்டேன்.

இனி விரல் விஷயம். அதை எனக்குச் சொல்ல வராது. நடந்ததைச் சின்னவளே எழுதட்டும், நான் எழுந்து போகிறேன்.

அக்கா, இப்போது நான் எழுதுகிறேன். அப்பா முன்னறைக்குப் போய் ரேடியோவைப் போட்டிருக்கிறார், ஆனால் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பது உனக்குத் தெரியும். மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள், மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு எண் வர வேண்டும், கூடினால் ரத்தம் லேசில் நிற்காது. ரொம்ப நாள் அப்படியேதான் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நாலு வந்தது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, முழங்கையில் எங்கேயும் இடிக்காமலே நீலமாகக் கன்றியிருந்தது. புதுசா ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா, வேர், பொடி, சூரணம் ஏதாவது என்று டாக்டர் கேட்டார். அப்பா ஒன்றுமில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை அக்கா. அவருக்கு அது காபி, நீ அனுப்பிய காபி, மருந்து இல்லை. ஆனால் நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒரு மாதத்துக்கு வர வேண்டிய பாக்கெட் பதினைந்து நாளில் காலியாவதை நான் கவனித்திருந்தேன், அப்பா ஒரு கரண்டிக்குப் பதில் இரண்டு போட்டுக்கொள்வதையும் பார்த்திருந்தேன். சொல்ல வாய் வரை வந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாத்திரையைக் கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா ஒரு புது விடுதிக்கு வெள்ளைத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணி இருக்கும், மிஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. அப்பாவுக்கு இது புதிதில்லை, பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவார். அன்றைக்கு நிற்கவில்லை. பஞ்சு நனைந்தது, துண்டு நனைந்தது, தைத்து வைத்திருந்த திரையில் விழுந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், விரலைப் பார்க்கவில்லை, உப்புத் தண்ணீர் கொண்டு வா, கறை பிடிச்சுடும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மதியமும் நிற்கவில்லை. அங்குலம் மாமா கேலியெல்லாம் விட்டுவிட்டு அவரைத் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எண் ஆறைத் தாண்டியிருந்தது. அங்கே இருந்த நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார், அப்பா அதே பதிலைச் சொன்னார். பொத்தான் டப்பாவைப் பையில் எடுத்து வந்திருந்தேன். அதைத் திறந்து மேசைமேல் வைத்து, எங்க அக்கா அனுப்பின காளான் காபி, தினமும் ரெண்டு கரண்டி குடிக்கிறாங்க என்று சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி அப்பாவே கேட்டதில்லை. நர்ஸ் டப்பாவை முகர்ந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் திட்டவில்லை. இதில் இருக்கிற ஒரு காளான் அப்பாவின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் நிற்காமல் போகலாம், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இனி ஒரு வாய்கூடக் கூடாது, இதுவே விரலில் இல்லாமல் தலைக்குள் கசிந்திருந்தால் நாம் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாரத்துல ஒரு நாள் மட்டும் குடிக்கலாமா டாக்டர், மூன்றரை மணிக்கு என்று கேட்டார். டாக்டருக்கு மணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை.

அக்கா, நான் உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. நீ நல்லதுக்குத்தான் அனுப்பினாய். ஆனால் மிச்சம் இருக்கும் ஒரு பாக்கெட்டை அப்பா தூக்கிப் போட விடவில்லை. நேற்று மூன்றரைக்கு அதைத் திறந்து முகர்ந்துகொண்டு நின்றார், என்னைப் பார்த்ததும் மடித்து வைத்தார். நீ அடுத்த பார்சல் அனுப்பினால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நீ சொன்னால்தான் நிறுத்துவார். முதல் தடவையே நான் வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டார், வருகிறார்.

மறுபடி அப்பாதான் சொல்கிறேன். என்ன எழுதினாய் என்று சின்னவளை நான் கேட்கவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், அவள் வாழ்நாளில் பேசியதே அவ்வளவு இருக்காது. ஆஸ்பத்திரியில் அவள் போட்ட போடு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய், நான் அன்றைக்கு அழாமல் இருந்ததே பெரிசு. அவளை ஒரு வார்த்தை கடிந்து எழுதாதே. உன்னையும் நீ கடிந்துகொள்ளாதே. தப்பு என்னுடையது, அது எப்படி என்று சொல்கிறேன், இதைச் சின்னவளுக்கும் சொன்னதில்லை. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் முகம் பார்த்துப் பேசினோமே, நீ கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் குடிக்கிறேன்பா என்று காட்டினாய். கோப்பையின் விளிம்பில் ஒரு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது, நுனியில் சின்னக் காகிதம். அது டீத்தூள் பை. காளான் பொடிக்கு நூல் ஏது. முப்பது வருடமாக நூலோடு பிழைக்கிறவன் கண்ணுக்கு அது தப்புமா. உனக்கு அந்த ருசி பிடிக்காமல் போயிருக்கும், எனக்கே பிடிக்கவில்லையே. அப்பா மனசு கோணும் என்று மறைத்தாய், அதுவும் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. மறுநாள் மூன்றரைக்குக் கோப்பையை எடுத்தபோது எதிரில் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் உன் பங்குக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்துதான் இரண்டு கரண்டி. இரண்டு பேர் காபியை ஒருத்தன் குடித்தால் இரண்டு பேர் இருக்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்த கிழவனுக்கு ஞாபகசக்திக் காளான் எந்த மூலைக்கு.

இதை எழுதும்போது சின்னவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதும்மா என்றேன். கடைசிப் பாக்கெட்டை இப்போது அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், அவள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். கறை பட்ட திரையை அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு வேறு துணி வைத்துவிட்டான், விடுதிக்காரர்களுக்குத் தெரியாது. டாக்டர் அடுத்த வாரம் மறுபடி எண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார், நேற்றே நாலுக்கு இறங்கிவிட்டது, பயப்படாதே.

பார்சல் எதுவும் அனுப்பாதே. அந்தச் சலவைக்கூடத்துப் பெண்ணிடமும் சொல், அவர்கள் வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட்டால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று. நீ டீயே குடி, நூலை மறைக்காதே. நான் மூன்றரைக்கு வெந்நீர் வைத்துக்கொள்கிறேன், சின்னவளும் பக்கத்தில் வந்து உட்காருகிறேன் என்று இப்போதுதான் சொன்னாள், அவளாகச் சொன்னாள். தினமும் போன் செய்ய வேண்டாம். ஆறு மணிக்கு நீ ஏதோ ஒரு கோப்பையைக் கையில் பிடித்திருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

உன் உடம்புக்கும் உழைப்புக்கும் ஒரு கேடும் வராமல், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் கிடைக்கட்டும். அம்மா இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடிய ஆசீர்வாதத்தையும் சேர்த்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. குளிர்காலம் நெருங்குகிறது, அங்கே கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் தள்ளுவார்கள். அதற்கு முந்தின நாளே எனக்குச் சொல்லிவிடு.

இடது கையால் இதை மட்டும் நானே எழுதுகிறேன்,
உன் அப்பா