நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள்

ஆலந்தலை,
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள ரெக்சன் அண்ணனுக்கு,

தங்கை ஜெப்ஸி எழுதுவது. சேசு உனக்குத் துணையிருக்கட்டும். கப்பல் மெயிலில் போட்டால் கேப்டன் முதல் சமையல்காரர் வரை படிப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் உன் கப்பலில் ஏறப்போகிற ஆன்டனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

அம்மா இருக்கிறாள். சுகர் மாத்திரையை மட்டும் மறந்த மாதிரி நடிக்கிறாள். அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை நன்றாக நடந்தது. நீ இல்லாததுதான் குறை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். உடம்பு முடியாமல் போன அப்பாவை அவர் வேலை பார்த்த கப்பலிலிருந்து இறக்கிச் சேர்த்திருந்த இங்கிலாந்து ஆஸ்பத்திரியிலிருந்து, அவர் இறந்த அன்று பகல் மூன்று மணிக்கு ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். அப்பா தூங்குகிறார், ஆனாலும் காதில் விழும், போனை அவர் காதருகே வைக்கட்டுமா, அம்மா பேசுவார்களா என்று கேட்டாள். அவருக்குப் பிடித்த பாட்டு எது என்றும் கேட்டாள். எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. திருச்செந்தூரில் முப்பது பேருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறவளுக்கு இது என்ன பிரமாதம்? வேண்டாம், அவர் ஓய்வெடுக்கட்டும், நாளைக்குப் பேசுகிறோம் என்று மரியாதையாகச் சொன்னேன். ஆர் யூ ஷுர் என்று மெதுவாகக் கேட்டாள். யெஸ், தேங்க் யூ என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அம்மா பக்கத்தில்தான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஏளா, என்ன சொல்லுதா?" என்றாள். "அப்பா நல்லாத் தூங்குதாவளாம்" என்றேன். மாதாவைக் கும்பிட்டாள். ஆறு மணிக்கு அப்பா போய்விட்ட செய்தி வந்தது. திடீரென்று நடந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அதை நானும் நம்பித்தான் சொன்னேன்.

போன செவ்வாய் ஏசுவடியான் மாமாவைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூன்றாம் வகுப்பு தாண்டாத அம்மா வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமாவுக்கு இனி அதிக நாளில்லை என்று எனக்கும் புரிந்தது. அடுத்த நிமிஷம் அந்த நர்ஸ் நினைவுக்கு வந்தாள். அவளும் இதைத்தானே அண்ணே சொன்னாள்? பாவி நான், இரண்டு தடவை கேட்டாளே.

அவள் கேட்டதை அப்படியே தமிழில் சொல்லியிருந்தால் போதும், அம்மா போனைப் பிடுங்கியிருப்பாள். எல்லாம் தெரிந்தவள் நான், சுருக்கிச் சொன்னேன்.

"எம் மவளுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சதுனாலதான் அவிய உடம்பாவது ஊர் வந்து சேந்துச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பெருமை பேசுகிறாள். கடைசியாக ஒரு வார்த்தை பேசக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழவும் செய்கிறாள். இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் காப்பி போடுகிறேன். தாங்க முடியவில்லை அண்ணே.

மே மாதம் நீ ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன். அவள் என்னை அடித்தாலும் சரி, என் முகத்தில் முழிக்காதே என்றாலும் சரி. நீ எனக்காகப் பரிந்து பேசாதே. தெரியாமல்தானே செய்தாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள். அப்பாவிடம் என்ன சொல்ல நினைத்திருந்தாள் என்று அவளாகச் சொன்னால், நீ கேட்டுக்கொள். அதைக் கேட்க எனக்கு முகமில்லை.

மாதா உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் தங்கை,
ஜெப்ஸி