கலுங்கில் ஒரு கழித்தல் கோடு

அடியே,

உன் பெயிண்ட் டப்பாவை இன்று காலை உன் வீட்டு வாசலில் வைத்துத் திறந்தேன். மூடியில் நீ ஆணியால் கீறி வைத்த எழுத்து அப்படியே இருக்கிறது: "அவ கையில குடுக்காதீங்க." அந்த 'அவ' நான்தான். மேலே தோல் மாதிரி காய்ந்து போயிருந்தது. குச்சியால் குத்தினேன். அடியில் வெள்ளை இன்னும் ஈரமாக இருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

சுவரில் கோடு போடக் காத்திருந்த கொத்தனார், "என்ன புள்ள, பேயப் பாத்தவ மாதிரி முழிக்கிறே?" என்றார்.

"பேயில்லண்ணே, பெயிண்டு" என்றேன். என் ஜோக்கெல்லாம் இப்போது இந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டது.

மட்டம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை மாதம் ஓட்டினோம்! பாலிடெக்னிக் கடைசி வருஷப் பயிற்சிக்கு, ட்ரோன் வைத்து நிலம் அளக்கிற சாரிடம் சேர்ந்தோம். முதல் வேலையே நம் ஊரில். கண்மாய் நிறைந்தால், கரைக்கு உட்பக்கம் நீர் தேங்குகிற உள்வாய் ஓரத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலுங்கின் உச்சியைவிடத் தரை தாழ்ந்த வீடுகள் எவை எவை என்று வரைபடத்தோடு பட்டியல் கொடுத்தால், அவற்றுக்கு மட்டும் அரசாங்கத்தில் அஸ்திவாரத்தை ஏற்றிக் கட்டித் தருவார்கள். உன் வீடும் அந்த ஓரத்தில்தான். ஒவ்வொரு மழைக்கும் அரிசி மூட்டையைக் கட்டில் மேலும், கட்டிலைச் செங்கல் மேலும் ஏற்றி வைக்கிற வீடு.

முதல் நாள் ட்ரோன் பறந்து இறங்கியது. கணினியில் நம் ஊரின் உயரம் மைனஸ் தொண்ணூறு சொச்சம் மீட்டர் என்று வந்தது. விடுவேனா? டீக்கடைக்கு ஓடினேன். "நம்ம ஊரு கடலுக்குக் கீழ தொண்ணூறு மீட்டர்ல கெடக்காம். செத்துப்போய் ரொம்ப நாளாச்சாம், நமக்குத்தான் யாரும் சொல்லல" என்று அளந்துவிட்டேன்.

பெஞ்சில் இருந்த பெரியவர் டீயைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அப்ப உப்பூர்க்காரன் வலைய நம்ம தலைக்கு மேலயா வீசுறான்?"

நீ வந்து என் காதைத் திருகினாய். பிறகு அவருக்கு அருகில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாய். "தாத்தா, செயற்கைக்கோளு பூமிய வழவழன்னு ஒரு முட்டையா நெனச்சுக்கிருது. ஒசரத்த அந்த முட்டை ஓட்டுலருந்து அளக்குது. நெசக் கடலு நம்ம பக்கம் அந்த ஓட்டுக்குக் கீழ பள்ளமாக் கெடக்கு, தொண்ணூறு மீட்டருக்கு மேல. கடலே கீழ கெடக்கறப்ப ஊரு எங்கன இருக்கும்? கணக்குத்தான் கீழ, நாம மேலதான் இருக்கோம்."

"அப்ப ஒசரம்னு ஒண்ணு இல்லவே இல்லங்கிறியா?"

"இருக்கு. எங்கன இருந்துன்னு சேத்துச் சொல்லணும், அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து உனக்கு அதுவே பேச்சாகிப்போனது. எந்த எண்ணைக் காட்டினாலும் புருவத்தைத் தூக்கி, "எங்கன இருந்து?" என்பாய். நான் தேர்வில் எழுபது வாங்கினேன் என்றால், "எங்கன இருந்து? பின்னால இருந்த புள்ள பேப்பர்லருந்தா?" என்பாய். என்னையே மட்டம் தட்டுகிறவள் நீ ஒருத்திதான்.

இரண்டாம் நாள் வேறொரு சேட்டை. ட்ரோன் வரிசை வரிசையாகப் பறந்து படம் எடுக்கிறதே, ஒரு வரிசையில் அசையாமல் நின்றுவிட்டு, அடுத்த வரிசைக்கு முன் ஓடிப் போய் வேறிடத்தில் நின்றால் படத்தில் இரண்டு தடவை விழுவோம் என்று நான்தான் உசுப்பேற்றினேன். நீ மஞ்சள் துப்பட்டாவோடு ஓடினாய். படங்களை ஒட்டி ஊரின் ஒரே பெரிய படம் ஆக்கியபோது நீ நான்கு இடத்தில் இருந்தாய். மாரியம்மன் கோயில் பொட்டலில் ஒருத்தி, கரைமேல் ஒருத்தி, உன் வீட்டு வாசலில் ஒருத்தி. நான்காமவள் புளியமரத்தடியில், கால் பாதி அழிந்து, காற்றில் நிற்கிறாள். சார் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்குள்ள ஒரே பொண்ணா நாலு பேரா?" நாம் சிரித்த சிரிப்பில் ட்ரோன் பெட்டியே கவிழ்ந்தது.

இப்போது அந்தப் படத்தை நான் தனியாகத் திறக்கிறேன். நாலு பேரும் மேலே என்னைப் பார்க்கிறீர்கள்.

மிச்சம் இருந்தது கலுங்கு மட்டும். ட்ரோன் உயரங்களைச் சரிபார்க்கத் தரையில் பன்னிரண்டு புள்ளிகள் குறித்திருந்தோம். மண்ணில் சுண்ணாம்பு, கல்லில் வெள்ளைப் பெயிண்டு, எல்லாம் கூட்டல் குறிகள். தலையில் கிண்ணம் கவிழ்த்த அந்த ஜி.பி.எஸ். கோலைக் குறியின் நடுவில் வைத்து உயரம் எடுக்க வேண்டும். பதினொன்று முடிந்திருந்தது. பன்னிரண்டாவது, கலுங்கின் உச்சி. வரவேண்டிய அன்றைக்கு நான் மட்டம் போட்டேன். கீழக்கரையில் நம் வகுப்புத் தோழி வீட்டில் கல்யாணம், நெய்ச்சோறு. உனக்குப் போன் போட்டு முனகினேன்.

"காய்ச்சல்டி. நூத்தி ரெண்டு."

"நூத்தி ரெண்டா? எங்கன இருந்து?"

பின்னணியில் ஒலிபெருக்கிச் சத்தம். நீ கேட்டிருப்பாய். சிரித்தாய். "போடி, தின்னுட்டு வா. ஒரு கோலு பிடிக்க ரெண்டு ஆளு எதுக்கு?" அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மூன்று மணிக்கு மேல் மேகம் கூடியதாம். கரையில் ஆடு மேய்த்தவர், "ஏ புள்ள, வானம் இருட்டுது, இறங்கு" என்று கத்தியிருக்கிறார். "இந்தா, ஒரு புள்ளிதான், வாரேன்" என்றாயாம். கரையை விட்டால், அந்தப் பக்கம் கலுங்கைவிட உயரமாக ஒன்றுமில்லை. கலுங்கைவிட உயரமாக நீ இருந்தாய். உன்னைவிட உயரமாக அந்தக் கோல். இடி ஒன்றே ஒன்றுதான் விழுந்ததாம்.

நான் வந்திருந்தால் உன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக எதுவும் செய்திருக்க மாட்டேன். முதல் மேகத்தைப் பார்த்ததுமே, "வாடி போவோம், பஜ்ஜி சூடா இருக்கும்" என்று நச்சரித்திருப்பேன். என் சோம்பேறித்தனம் உன்னைக் காப்பாற்றியிருக்கும். அதையும் அன்றைக்கென்று கீழக்கரைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பிறகு வந்தது பட்டியல். அதில் உன் வீடு இல்லை. கணக்கின்படி உன் வீட்டுத் தரை கலுங்கைவிட ஒரு முழம் உயரம். உன் அம்மா கோபப்படக்கூட இல்லை. "போன மழைக்கு முழங்கால் தண்ணி நின்னுச்சே ஆத்தா, அப்ப வீடு மேலதான் இருந்துச்சா?" என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

அன்று முழுக்க உன் குரல் காதுக்குள் நச்சரித்தது. எங்கன இருந்து? எங்கன இருந்து? காகிதங்களைப் புரட்டினேன். பன்னிரண்டாவது புள்ளி இல்லாததால் கலுங்கின் உயரத்தை அங்கே கல்லில் வெட்டியிருக்கும் பழைய எண்ணிலிருந்து எடுத்திருந்தார்கள். அது யாரோ எப்போதோ கடல் மட்டத்திலிருந்து அளந்தது. வீடுகளின் உயரமோ செயற்கைக்கோள் முட்டையிலிருந்து வந்து, பொதுவான ஒரு திருத்தம் போட்டுக் கடல் மட்டம் ஆக்கப்பட்டது. இரண்டுக்கும் பெயர் கடல் மட்டம். இரண்டும் ஒரே மட்டம் இல்லை. இரண்டு வெவ்வேறு பூஜ்யத்தில் நின்றுகொண்டு யார் உயரம் என்று பார்த்திருக்கிறார்கள்.

சாரிடம் போய்ச் சொன்னேன். என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். "இதுவும் உன் வெளையாட்டா?" நியாயமான கேள்விதான். காகிதங்களை அவர் முன்னால் விரித்து, இரண்டு பூஜ்யத்தையும் விரலால் காட்டினேன். புதுக் கோலை எடுத்துக் கொடுத்தார். "வானத்தப் பாத்துக்கிட்டு அள" என்று மட்டும் சொன்னார்.

நீ போன பிறகு அதுவரை நான் கலுங்குப் பக்கம் போனதில்லை. உச்சிக் கல்லில் நீ போட்ட வெள்ளைக் கோடு இருந்தது. ஒரே ஒரு படுக்கைக் கோடு. கூட்டல் குறியில் மேலிருந்து கீழே இழுக்க வேண்டியதற்கு உனக்கு நேரம் இருக்கவில்லை. அதனால் அது கழித்தல் குறியாகவே நின்றுவிட்டது. தூரிகை கையில் இருந்திருந்தாலும் அதை நான் முடித்திருக்க மாட்டேன். கோலை அந்தக் கோட்டின் நடுவில் ஊன்றினேன். உன் பதினொரு புள்ளிகளுக்கும் எந்தக் கல்லைத் தொடக்கமாக வைத்து அளந்தாயோ, அதே கல்லிலிருந்து, அதே முட்டையிலிருந்து. வானம் பளிச்சென்று வெறிச்சோடிக் கிடந்தது. எண் நிலைத்ததும் குறித்துக்கொண்டேன்.

உன் வீட்டுத் தரை கலுங்கைவிட ஒரு சாண் தாழ்வு. பட்டியலில் ஏறிவிட்டது.

உயர வரைபடத்திலிருந்து தரையை மட்டும் பிரித்துக் கொடுக்கச் சொன்னார் சார். மரம், கூரை, ஆள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நான்கு இடத்தில் உன் உயரத்துக்கு நான்கு சின்ன மேடுகள். ஒவ்வொன்றாக அழித்தேன். கோயில் பொட்டலில் உன்னைத் தரையாக்கினேன். கரையில் தரையாக்கினேன். வாசலில் கை வரவில்லை, சார்தான் அழித்தார். உயரம்தான் போனது. படத்தில் மஞ்சள் துப்பட்டாவும், பக்கத்தில் நீண்டு கிடக்கிற நிழலும் போகவில்லை. கால் அழிந்த நான்காமவள்கூட நிழல் வைத்திருக்கிறாள்.

இன்று காலை உன் வீட்டுச் சுவரில், கலுங்கின் உச்சிக்குச் சரியான மட்டத்தில், உன் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். படுக்கையாக ஒன்றே ஒன்று. அங்கே கல்லில் உன் கோடு, இங்கே சுவரில் என் கோடு. நடுவில் ஒரு கண்மாய் கிடந்தாலும் இரண்டும் ஒரே உயரம்.

கொத்தனார் நூலைப் பிடித்தபடி கேட்டார். "அப்ப எத்தன அடி ஏத்தட்டும்?"

"எங்கன இருந்து?"

என் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் புருவம் தானாக மேலேறியிருந்தது, இழுவையும் உன்னுடையது. உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா ஓடி வந்து வாசலில் நின்றார்கள். என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

"கோட்டுலருந்துண்ணே" என்றேன், இந்தத் தடவை என் குரலில்.